துண்டு துண்டாய்ச் சேரும் படம்



தொடக்கநிலை 3 மாணவர்களிடம் ஒரு முழுப் படத்தைக் காட்டி, "இதில் என்ன பார்க்கிறீர்கள்?" என்று கேட்டால் என்ன விடை வரும் என்பதைத் தமிழாசிரியர் எவரும் அறிவர். "வீடு", "மரம்", "ஆள்". மூன்று சொற்களோடு உரையாடல் முடிந்துவிடும். குழந்தைகளைக் குறைகூற இதில் ஒன்றுமில்லை. படம் எல்லாருடைய கண்முன்னும் இருக்கிறது. ஆசிரியருக்கும் தெரிகிறது, அடுத்த இருக்கை நண்பனுக்கும் தெரிகிறது. தெரிந்ததையே எதற்காக எடுத்துச் சொல்ல வேண்டும்?

அதே படத்தைப் பன்னிரண்டு துண்டுகளாக வெட்டி ஒவ்வொன்றாகத் திரையில் சேர்த்துக்கொண்டே போனால் வகுப்பு வேறாகிவிடுகிறது. "அது பூவாக இருக்கலாம்", "இல்லை, பறவையின் வால் போல இருக்கிறது", "தூணுக்குக் கீழே இருப்பதால் சுவராகத்தான் இருக்கும்" என்று வாக்கியங்கள் பிறக்கின்றன. ஊகத்தையும் ஐயத்தையும் மறுப்பையும் காரணத்தையும் சொல்லும் இத்தகைய வாக்கியங்களே வாய்மொழித் தேர்வில் நம் மாணவர்களுக்குத் தடுமாற்றம் தருபவை. ஆகவே, பவர்பாயிண்டில் இந்தப் புதிர்ப்படத்தைச் செய்யும் முறையையும், அதை வகுப்பில் எப்படிப் பயன்படுத்தலாம் என்பதையும் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

இவ்வளவு சிரமம் எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். 2010ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, சிங்கப்பூரில் ஐந்து வயதுக்கு மேற்பட்டவர்களில் 3.3 விழுக்காட்டினர் வீட்டில் அதிகமாகப் பேசும் மொழியாகத் தமிழைக் குறிப்பிட்டனர். 2020இல் அது 2.5 விழுக்காடாகக் குறைந்தது. பல குழந்தைகளுக்குத் தமிழ் வகுப்பைத் தவிர, ஒரு நாளில் தமிழில் வாய் திறக்க வேறு இடமே வாய்ப்பதில்லை. அந்தக் குறுகிய நேரத்திலும் ஆசிரியர் பேச, மாணவர் தலையாட்டுவதோடு முடிந்தால் என்ன மிஞ்சும்?

ஜிக்சா புதிர் தோன்றியதே பாடம் கற்பிப்பதற்காகத்தான் என்பது பலருக்கு வியப்பளிக்கும். 1760களில் லண்டனில் ஜான் ஸ்பில்ஸ்பரி என்னும் நிலப்படத் தயாரிப்பாளர், நிலப்படத்தை மரப்பலகையில் ஒட்டி நாடுகளின் எல்லைக்கோடுகளின் வழியே அறுத்து விற்றார். பிள்ளைகள் அத்துண்டுகளைச் சேர்த்துப் புவியியல் படித்தனர். அரசர் மூன்றாம் ஜார்ஜின் பிள்ளைகளுக்குப் பொறுப்பாளராக இருந்த சார்லட் ஃபிஞ்ச் சீமாட்டியும் இத்தகைய வெட்டுப்படங்களைக் கொண்டே பாடம் நடத்தினார். பொழுதுபோக்கு என்ற பெயர் இதற்குப் பிற்பாடுதான் வந்தது.

இனிச் செய்முறைக்கு வருவோம். முதலில் படம். இணையத்தில் கிடைக்கும் படத்தை எடுத்துப் போடாதீர்கள். உரிமைச் சிக்கல் ஒரு புறமிருக்க, மாணவர்கள் நடந்து போகும் தெருவின் படத்துக்கு இருக்கும் ஈர்ப்பு வேறெதற்கும் இராது. ஜாலான் புசார் வட்டாரத்தில் கைப்பேசியோடு அரைமணி நேரம் நடந்தால் ஒரு தவணைக்குப் போதுமான படங்கள் கிடைத்துவிடும். பெட்டெய்ன் சாலையில் வரிசையாக நிற்கும் பழைய வீடுகளின் தூண்களில் பூவும் பறவையும் பதித்த பீங்கான் ஓடுகள், வீட்டு முன்புறத்து அஞ்சடி, கிச்சனர் சாலைப் பக்கம் நியூ வோர்ல்டு கேளிக்கைப் பூங்காவின் பழைய வாயில், சிராங்கூன் சாலையில் சீனிவாசப் பெருமாள் கோயிலின் கோபுரம், ஜாலான் புசார் விளையாட்டரங்கம் என்று கைக்கெட்டிய தொலைவிலேயே எல்லாம் இருக்கின்றன. (இவ்வட்டாரச் சாலைப் பெயர்களே ஒரு புதிர்தான். கிச்சனர், பீட்டி, ஜெலிக்கோ, பெட்டெய்ன் எல்லாரும் முதல் உலகப் போர்க் காலத் தளபதிகள். அவர்களில் பீட்டியின் பெயர் தாங்கிய சாலையில்தான் உமறுப்புலவர் தமிழ் மொழி நிலையம் இருக்கிறது. தங்கள் பள்ளியில் தமிழ் வகுப்பு இல்லாத உயர்நிலை மாணவர்கள் அங்கே வந்து தமிழ் படிக்கிறார்கள்.)

அடுத்தது புதிர் அச்சு. இதை ஒருமுறை செய்து சேமித்துவிட்டால் பல ஆண்டுகள் உழைக்கும். வெற்றுப் படவில்லையில் கிடையாக நான்கு, நெடுக்காக மூன்று எனப் பன்னிரண்டு செவ்வகங்களை இடைவெளியின்றி அடுக்குங்கள். இரண்டு செவ்வகங்கள் சந்திக்கும் ஒவ்வொரு கோட்டின் நடுவிலும், பாதி இப்பக்கமும் பாதி அப்பக்கமுமாக இருக்கும்படி ஒரு சிறு வட்டம் வையுங்கள். மொத்தம் 17 வட்டங்கள் வரும். எண்ணிப் பாருங்கள், ஒன்று குறைந்தாலும் ஒரு துண்டுக்குக் குமிழ் இல்லாமல் போய்விடும். பிறகு எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, ஷேப் ஃபார்மட் பகுதியில் 'மெர்ஜ் ஷேப்ஸ்' என்பதன் கீழுள்ள 'ஃபிராக்மென்ட்' கட்டளையைச் சொடுக்குங்கள். செவ்வகங்களும் வட்டங்களும் தனித்தனித் துணுக்குகளாக உடையும். இப்போது ஒவ்வொரு வட்டத்தின் இரு பாதிகளையும் பக்கத்திலுள்ள இரு செவ்வகங்களில் ஏதேனும் ஒன்றுடன் சேர்த்து 'யூனியன்' கொடுங்கள். சேர்ந்த துண்டுக்குக் குமிழும் சேராத துண்டுக்குக் குழியும் கிடைக்கும். எந்தப் பக்கம் சேர்ப்பது என்பது உங்கள் விருப்பம். மாற்றி மாற்றிச் சேர்த்தால் பார்வைக்கு உண்மையான ஜிக்சா போலவே இருக்கும். 'மெர்ஜ் ஷேப்ஸ்' வசதி பவர்பாயிண்ட் 2013 முதல் பட்டியலிலேயே இருக்கிறது.

அச்சு தயாரானதும் அதைப் படியெடுத்துக்கொண்டு, படியில் மட்டும் வேலை செய்யுங்கள். புகைப்படத்தை அச்சுக்குப் பின்னால் வைத்து, அது எல்லாத் துண்டுகளையும் மூடும் அளவுக்குப் பெரிதாக்குங்கள். முதலில் புகைப்படத்தைச் சொடுக்கி, அதன்பின் ஷிஃப்ட் விசையை அழுத்தியவாறு பன்னிரண்டு துண்டுகளையும் தேர்ந்தெடுத்து மறுபடியும் 'ஃபிராக்மென்ட்' கொடுங்கள். புகைப்படம் பன்னிரண்டு துண்டுகளாகிவிடும். வரிசை முக்கியம். துண்டை முதலில் சொடுக்கினால் படத்துக்குப் பதிலாக வெறும் நிறம்தான் மிஞ்சும். ஓரங்களில் தேவையற்ற துணுக்குகள் இருந்தால் நீக்கிவிடுங்கள். ஆல்ட், எஃப்10 விசைகளைச் சேர்த்து அழுத்தினால் வலப்பக்கம் ஒரு பட்டியல் திறக்கும். அங்கே துண்டுகளுக்குத் தமிழிலேயே பெயரிடலாம். 'தூண் மேல்', 'பறவை', 'கதவு' என்று இப்போதே பெயரிட்டுவிட்டால் அசைவூட்டம் சேர்க்கும்போது குழப்பம் வராது.

ஒவ்வொரு துண்டுக்கும் 'ஃபிளை இன்' போன்ற ஒரு நுழைவு அசைவூட்டம் கொடுங்கள். ஒரு விநாடி போதும். அசைவூட்டம் தானாக ஒன்றன்பின் ஒன்றாக ஓடும்படி விடாதீர்கள். திரையின் ஓரத்தில் 1 முதல் 12 வரை எண்ணிட்ட சிறு பொத்தான்களை வரைந்து, 'டிரிகர்' வசதியின்வழி முதல் துண்டை முதல் பொத்தானுடனும் இரண்டாவதை இரண்டாவதுடனும் என்று பிணையுங்கள். எந்தத் துண்டு எப்போது வர வேண்டும் என்ற முடிவு அப்போது வகுப்பின் கைக்கு வந்துவிடுகிறது. மறந்துவிடக் கூடாத ஒன்று உண்டு: 'டிரான்சிஷன்ஸ்' பகுதியில் 'ஆன் மவுஸ் கிளிக்' என்பதற்கு எதிரேயுள்ள குறியை நீக்கிவிடுங்கள். நீக்காவிட்டால், ஆர்வத்தில் ஒரு மாணவர் பொத்தானுக்கு வெளியே சொடுக்கியதும் அடுத்த படவில்லைக்குத் தாவிவிடும். பாதிப் புதிரோடு பாடமும் போய்விடும்.

பழைய கணினி வைத்திருப்பவர்களுக்கு எளிய வழி ஒன்று உண்டு. புகைப்படத்தை வெட்டாமல் அப்படியே வைத்து, அதன்மேல் வண்ணத் துண்டுகளை அடுக்கி, ஒவ்வொரு துண்டுக்கும் வெளியேறும் அசைவூட்டம் கொடுத்து அத்துண்டையே டிரிகராக வைத்துவிடலாம். சொடுக்கிய துண்டு விலகும், அடியில் உள்ளது தெரியும். ஊகித்துப் பேச இது போதும். அடுத்து நான் சொல்லப்போகும் குழு நடவடிக்கைக்கோ வெட்டிய துண்டுகள்தாம் தேவை.

ஓசை வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. சுழன்று வரும் துண்டு, கைத்தட்டல் ஒலி, பளிச்சிடும் நட்சத்திரம் எல்லாம் பட்டறைகளில் ஆசிரியர்களைக் கவரும். வகுப்பிலோ மாணவர்கள் அடுத்த சுழற்சிக்காகக் காத்திருக்கத் தொடங்குவார்கள். பேச்சு நின்றுவிடும்.

ஆசிரியப் பயிற்சி பெற்றவர்களுக்கு 'ஜிக்சா' என்றதும் இன்னொன்றும் நினைவுக்கு வரும். 1971இல் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்து ஆஸ்டின் நகரில், வெவ்வேறு இனக் குழந்தைகள் முதன்முறையாக ஒரே வகுப்பில் அமர்ந்து பகைமை கொண்டிருந்த காலத்தில், எலியட் ஆரன்சன் என்ற உளவியலாளர் பாடத்தைப் பகுதிகளாகப் பிரித்து ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு பகுதியை மட்டும் கொடுத்தார். மற்றவர்களின் பகுதியைக் கேட்காமல் எவராலும் முழுப் பாடத்தையும் அறிய முடியாது. ஒதுக்கப்பட்டிருந்த குழந்தை பேசும்போதும் மற்றவர்கள் காதுகொடுத்தே ஆக வேண்டிய நிலை உருவானது.

நான் இவ்விரண்டையும் இணைத்தேன். பெட்டெய்ன் சாலைப் படத்தின் பன்னிரண்டு துண்டுகளையும் அச்சடித்து, ஆளுக்கொன்றாக உறையிலிட்டுக் கொடுத்தேன். தம் துண்டை யாருக்கும் காட்டக் கூடாது. அதைத் தமிழில் விவரிக்க வேண்டும். அது படத்தின் எந்த இடத்தில் வரும் என்று வகுப்பு முடிவு செய்த பிறகே அதற்குரிய பொத்தானைச் சொடுக்குவேன். தரமான பேச்சுத்தமிழில் சொன்னால் போதும் என்றும் கூறினேன். 2005ஆம் ஆண்டுத் தமிழ்ப் பாடத்திட்ட மறுஆய்வு, பேச்சுத்தமிழுக்கு வகுப்பறையில் இடமளித்ததன் அருமையை இத்தகைய வேளைகளில்தான் உணர்கிறோம்.

அவ்வகுப்பில் ஒரு மாணவி. ஆண்டின் தொடக்கம் முதல் என்னிடம் தமிழில் ஒரு முழு வாக்கியம் பேசியதில்லை. வீட்டில் ஆங்கிலம் மட்டுமே. கேட்டால் புன்னகைப்பாள், அல்லது தோழியைப் பார்ப்பாள். அன்று அவளிடம் இருந்தது பறவைத் துண்டு. பதினொரு துண்டுகள் திரையில் சேர்ந்துவிட்டன. நடுவில் ஒரு குழி. வகுப்பு முழுவதும் அவளையே பார்த்தது. தோழியாலும் உதவ முடியாது, ஏனெனில் தோழிக்கும் அத்துண்டில் இருப்பது தெரியாது.

நெடுநேரம் உறைக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "ஒரு பறவ இருக்கு. அது... அது உயிரோட இல்ல. பளபளன்னு இருக்கு. தட்டு மாதிரி" என்றாள்.

"தட்டில் பறவையா?" என்று ஒருவன் கேட்டான். "இல்ல, தட்டு இல்ல. சுவருல ஒட்டியிருக்கு. தட்டு மாதிரி வழவழன்னு" என்று அவளே திருத்தினாள். "பீங்கான்!" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. அச்சொல்லை அவள் இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். தன்னிடம் இல்லாத ஒரு சொல்லுக்காகத் தன்னிடம் இருந்த நான்கைந்து சொற்களைக் கொண்டு அவள் கட்டிய அந்த விளக்கத்தை, எந்தப் பயிற்சித்தாளிலும் நான் கண்டதில்லை. நான் பொத்தானைச் சொடுக்க மறந்து நின்றதைக் கண்டு மாணவர்களே, "ஆசிரியர், பன்னிரண்டு! பன்னிரண்டு!" என்றார்கள்.

நியூ வோர்ல்டு வாயில் படத்தில் நடந்தது வேறு. எல்லாத் துண்டுகளும் சேர்ந்த பிறகும் அது என்ன வாயில் என்று எவருக்கும் தெரியவில்லை. நானும் சொல்லவில்லை. துண்டுகளை உறையோடு வீட்டுக்குக் கொடுத்தனுப்பி, பாட்டி தாத்தாவுடன் சேர்த்துப் பார்த்துக் கேட்டுவரச் சொன்னேன். 1923இல் திறக்கப்பட்டு 1987இல் மூடப்பட்ட அந்தப் பூங்காவில் தாத்தா சவாரி செய்ததையும், கூட்டத்தில் காணாமல்போய் அழுததையும் மறுநாள் ஒரு மாணவன் ஐந்து நிமிடம் நின்றபடி சொன்னான். அந்தத் தாத்தாவுக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது என்பதால் கதை தமிழிலேயே வந்து சேர்ந்தது!

எழுத்துகளை வைத்தும் இவ்வாறு புதிர் செய்யலாம். ஆயினும் தமிழுக்கென்று ஒரு கவனம் வேண்டும். 'கொக்கு' என்ற சொல்லைப் படமாக்கி நேர்க்கோட்டில் வெட்டினால், முதல் துண்டில் 'கெ' மட்டும் நின்று காலெழுத்து அடுத்த துண்டுக்குப் போய்விடக்கூடும். குழந்தை 'கெ' என்று வாசிக்கும், அது அதன் பிழையன்று. ஒகர, ஓகார, ஔகார எழுத்துகள் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். ஆதலால் சொல்லை எழுதிவிட்டு வெட்டாமல், ஒவ்வோர் எழுத்தையும் தனிப் பெட்டியில் எழுதி அப்பெட்டிகளையே துண்டுகளாக அசையவிடுங்கள்.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. உங்களுக்குக் கணினி தேவையில்லை. குடும்பப் புகைப்படம் ஒன்றைப் பெரிதாக அச்சிட்டு, அட்டையில் ஒட்டி, கத்தரிக்கோலால் எட்டாக வெட்டினால் போதும். நான்கு துண்டு உங்களிடம், நான்கு பிள்ளையிடம். காட்டாமல் சொல்ல வேண்டும், தமிழில் மட்டும். பிள்ளைக்குச் சொல் கிடைக்காதபோது உடனே எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். பத்துவரை மனத்துக்குள் எண்ணுங்கள். துண்டுகளைப் பழைய அன்பளிப்பு உறையில் போட்டு, பின்பக்கம் எண்ணிக்கையை எழுதி வையுங்கள். எங்கள் வகுப்பு அலமாரியில் இப்போது இருபத்திரண்டு உறைகள் இருக்கின்றன. அவற்றுள் மூன்றில் பதினொரு துண்டுகளே உள்ளன.