மாந்தோப்பு நாட்டுத் தலைமை அமைச்சர்

"மன்னர் இருக்கிறார் என்கிறீர்கள்; ஆள்பவர் தலைமை அமைச்சர் என்கிறீர்கள். அப்படியானால் மன்னர் எதற்கு, ஐயா?"

எட்டாம் வகுப்பில், பிரிட்டனைப் பற்றிய பாடத்தின் நடுவே, மாணவன் ஒருவன் இப்படிக் கேட்டான். 'அரசியல் சட்டத்துக்கு உட்பட்ட முடியாட்சி' என்று நூலில் விடை இருந்தது. சொன்னோம், எழுதிக்கொண்டனர், எவருக்கும் விளங்கவில்லை. நமக்குத்தான் விளங்கியிருந்ததா? கல்லூரியில் படித்தோம், தேர்வெழுதினோம், தேறினோம், பட்டம் பெற்றோம். அவ்வளவே!

ஆகவே மறுநாள் ஒரு நாட்டை உண்டாக்கினோம். பள்ளியின் பின்புறத்து மாமரத்தடியில் பிறந்ததால் அதற்கு 'மாந்தோப்பு நாடு' என்று மாணவர்களே பெயரிட்டனர். படையில்லை, பாசறையில்லை, கோட்டையில்லை, கொத்தளமில்லை. மொத்தக் குடிமக்கள் 38 பேர்.

மன்னராவதற்குத் தகுதி என்ன? அறிவா? ஆற்றலா? அருளா? பிறப்பு ஒன்றே! அதற்கு ஒப்பாக, வருகைப் பதிவேட்டில் முதற்பெயர் எவனுடையதோ அவனே மன்னன் என்றோம். பெயரின் முதலெழுத்து மணிமுடி தருவதா என்று பிள்ளைகள் நகைத்தனர். பிறந்த வீடு மணிமுடி தருவது மட்டும் நகைப்புக்குரியதாகாதோ?

தலைமை அமைச்சரை மற்ற 37 பேரும் வாக்குச் சீட்டால் தேர்ந்தெடுத்தனர். 20 வாக்குகள் பெற்று வென்றவள் ஒரு சிறுமி. நம் பள்ளி முற்றத்தை நாள்தோறும் பெருக்கும் தாயின் மகள் அவள். மன்னனோ, ஊரில் பெருநிலம் உடையவர் வீட்டுப் பிள்ளை. நாம் திட்டமிட்டது அன்று. பதிவேடும் வாக்குச் சீட்டும் செய்த வேலை அது.

அவளுடைய அமைச்சரவை கொண்டுவந்த முதல் சட்டம் எது தெரியுமா, தோழர்களே? வகுப்பறையைப் பெண்பிள்ளைகளே பெருக்குவது நெடுநாளைய வழக்கம். இனி ஆணும் பெண்ணும் பதிவேட்டு வரிசைப்படி, நாளுக்கு ஒருவராகப் பெருக்க வேண்டும். சட்டம் நிறைவேறிற்று, கையொப்பத்துக்காக மன்னனிடம் சென்றது. வரிசையில் முதற்பெயர் அவனுடையதாயிற்றே! "நான் மன்னன். கையெழுத்துப் போட மாட்டேன்" என்றான்.

வகுப்பு முழுவதும் நம் முகத்தை நோக்கிற்று. இங்கேதான், வெட்கத்தை விட்டுச் சொல்கிறோம், நாம் தடுமாறினோம். அவன் தந்தையின் முகம் நம் கண்முன் வந்து நின்றது. "இது விளையாட்டுத்தானே! பெருக்குவது பழையபடியே இருக்கட்டும்" என்றோம்.

அச்சிறுமி எழுந்து நின்றாள். "பிறகு எங்களை எதற்காக வாக்குப் போடச் சொன்னீர்கள், ஐயா?" என்றாள். அழவில்லை, குரலை உயர்த்தவுமில்லை. நம்மிடம் விடையில்லை. மணி அடித்தது, தப்பித்தோம்.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. தேர்வுக்காகப் படித்த வரலாற்றை, அன்றுதான் விடைக்காகப் படித்தோம். மறுநாள் மாமரத்தடியில் அதைச் சொன்னோம்.

நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்துக்கு இசைவு மறுத்த கடைசி பிரிட்டிஷ் முடியரசர் ஆன் அரசியார், ஆண்டு 1708. அதன் பிறகு எந்த முடியும் அந்தத் துணிவைக் கொள்ளவில்லை. 1721-இல் பொறுப்பேற்ற இராபர்ட் வால்போலையே முதல் தலைமை அமைச்சர் என்று வரலாறு கணக்கிடுகிறது. ஆனால் அந்தப் பெயர் அன்று பதவிப் பெயரன்று. பகைவர் இட்ட ஏளனப் பெயர்! ஏளனம் ஏற்றம் பெற்றது, ஏற்றம் ஆட்சியாயிற்று. 1834-இல் நான்காம் வில்லியம் மன்னர், மெல்போர்னின் அமைச்சரவையை விலக்கிவிட்டுப் பீல் என்பாரை அமர்த்தினார். தேர்தல் நடந்தது. பீலுக்குப் பெரும்பான்மை கிட்டவில்லை. 1835-இல் அதே மெல்போர்னை அதே மன்னர் மீண்டும் அழைக்க நேர்ந்தது. மன்னர் கையில் பேனா இருந்தது. அதற்கு மை ஊற்றியவர்கள் மக்கள்!

இன்னொன்றும் சொன்னோம். 1924-இல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் அரண்மனைக்கு அழைத்து ஆட்சிப் பொறுப்பை ஒப்படைத்த இராம்சே மெக்டொனால்டு, ஸ்காட்லாந்தில் பணிப்பெண் ஒருத்தியின் மகன். தந்தை பண்ணைத் தொழிலாளி, தாயை மணக்காதவர். மன்னர் அவரது குலம் கேட்டு அழைக்கவில்லை. நாடாளுமன்றத்தில் அவருக்கிருந்த ஆதரவைக் கண்டு அழைத்தார்.

கடைசியாக, நம் குற்றத்தையும் சொன்னோம். "நேற்று மாந்தோப்பு நாட்டின் சட்டத்தை மறுத்தவர் இருவர். மன்னன் ஒருவன், நாம் ஒருவர். எங்கள் மறுப்பைத் திரும்பப் பெறுகிறோம்" என்றோம்.

மன்னன் நெடுநேரம் தலைகுனிந்திருந்தான். பிறகு எழுந்துவந்து கையொப்பமிட்டான். மறுநாள் காலை துடைப்பத்தைப் பிடித்தான், பிடிக்கத் தெரியவில்லை. புழுதி கிளம்பிற்று; பிள்ளைகள் சிரித்தனர். தலைமை அமைச்சர் சிரிக்கவில்லை. அருகில் சென்று, எப்படிக் குனிவது, எந்தப் பக்கமிருந்து தொடங்குவது என்று காட்டிக்கொடுத்தாள்.

அடுத்த வாரம் அவன் தந்தை வந்தார். "என் மகனைப் பெருக்கச் சொன்னது யார்?" என்று கேட்டார். நம் நெஞ்சு அடித்துக்கொண்டது உண்மை. ஆயினும் இம்முறை வாய் குழறவில்லை. "சட்டம் சொன்னது, ஐயா. கையொப்பமிட்டவர் தங்கள் மகன்" என்று கூறி, சுவரில் ஒட்டியிருந்த தாளைக் காட்டினோம்.

தம் பிள்ளையின் கோணல் கையெழுத்தை அவர் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லாமல் திரும்பிச் சென்றார். தாள் இன்னும் சுவரில் இருக்கிறது.