பனிநாட்டு விருந்தாளி

நாய் என்றால் அந்நியரைக் கண்டு குரைக்கும், பழையசோறு தின்னும், திண்ணையில் சுருண்டு கிடக்கும். நாகர்கோவிலில் நான் கற்ற நாய்ச் சாஸ்திரம் இவ்வளவுதான். திருவனந்தபுரத்துக்குப் படிக்க வந்த முதல் இரவே அந்தச் சாஸ்திரம் பொய்த்துப் போயிற்று.

மணி பதினொன்று இருக்கும். ஓநாய் அழுவது போல நீண்டதோர் ஊளை கேட்டு எழுந்து உட்கார்ந்தேன். கீழ்வீட்டில் சைபீரிய ஹஸ்கி ஒன்று இருப்பதை வீட்டுக்காரர் சொல்லவே இல்லை. சொன்னால் வாடகைக்கு வரமாட்டேன் என்று எண்ணினார் போலும். காலையில் அஞ்சி அஞ்சிப் படியிறங்கினேன். ஒரு கண் நீலம், மறு கண் பழுப்பு. அந்தப் பிராணி என் தோள்மேல் முன்னங்கால்களைப் போட்டு முகத்தை நக்கிற்று. திருடன் வந்தாலும் அவனுக்கும் இதே உபசாரம்தான். காவலுக்கென்று இந்த இனத்தை வாங்குவோர் பணத்தை வீணாக்குகின்றனர்.

இக்குணம் அதன் பிறவியோடு வந்தது. சைபீரியாவின் வடகிழக்குக் கோடியில் வாழும் சுக்சி மக்கள் பனிச்சறுக்கு வண்டி இழுக்க வளர்த்த நாய் இது. கூட்டமாக இழுக்கும் நாய் சண்டைக்காரனாக இருந்தால் வண்டி நகருமா? 1925ஆம் ஆண்டு அலாஸ்காவின் நோம் நகரில் தொண்டை அடைப்பான் நோய் பரவியபோது, மருந்தைச் சுமந்து ஏறத்தாழ 1,085 கிலோமீட்டர் பனிப்பாதையை ஐந்தரை நாளில் கடந்தன, மாற்றி மாற்றிப் பூட்டப்பட்ட நாய்க் கூட்டங்கள். ஊருக்குள் மருந்தைக் கொண்டுசேர்த்த பால்டோவுக்கு நியூயார்க்கில் சிலை உண்டு. அதைவிட நெடுந்தூரம் ஓடிய டோகோவுக்குப் புகழ் பிந்தித்தான் வந்தது. உலக வழக்கம் நாய்களையும் விடவில்லை பாருங்கள்!

அத்தகைய வம்சத்தில் பிறந்ததைப் பேரூர்க்கடையில் ஓர் ஏ.ஸி. அறையில் அடைத்து வைத்தால் அது என்ன செய்யும்? சோபாவைக் கிழிக்கும், மதிலடியில் மண்ணைத் தோண்டும், கதவு திறந்தால் ஓடிவிடும். வாரிவிட்டால் பூனைக்குட்டி அளவு உரோமம் சீப்போடு வரும். “மொட்டை அடித்துவிட்டால் என்ன?” என்று யோசனை சொல்லாதவர் தெருவில் இல்லை. அது தவறு. இரண்டு அடுக்காக உள்ள அந்த உரோமம் வெயில் தோலைச் சுடாமலும் காக்கிறது. உதிர்ந்ததை வாரி எடுக்கலாமே ஒழியச் சிரைக்கலாகாது.

மார்ச் மாதம் வீட்டுக்காரர் கோட்டயத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போனார். நாயை என்னிடம் ஒப்படைத்து, “வெயில் ஏறுமுன் நடத்திக் கொண்டு வந்துவிடு” என்றார். நானோ முந்தின இரவு சினிமாப் பார்த்துவிட்டு எட்டரை மணிக்கு எழுந்தேன். ஒருநாள்தானே என்று கயிற்றைப் பிடித்துக் கிளம்பினேன். போகும்போது அது என்னை இழுத்தது. திரும்பும்போது நான் அதை இழுத்தேன். எங்கள் தெருமுனையில் அது படுத்துவிட்டது. நாக்கு கருஞ்சிவப்பு, வாயில் கோழை போல் எச்சில், கண்கள் என்னைப் பார்த்தும் பார்க்கவில்லை.

எதிர்வீட்டு அம்மூம்மா ஓடிவந்தார். “மோனே, அதினு சூடு பற்றில்லா!” என்று கத்திக்கொண்டே ரப்பர்க் குழாயை இழுத்து அதன் வயிற்றிலும் தொடையிடுக்கிலும் தண்ணீரைப் பாய்ச்சினார். நான் நோட்டுப் புத்தகத்தால் விசிறினேன். ஆட்டோ வந்த பிறகும் ஈரத்துண்டோடுதான் ஏற்றினோம். ஆஸ்பத்திரியில் காய்ச்சல் 41 டிகிரி. நாய்க்கு 39 வரை இயல்பு.

“உடனே நனைத்தீர்களே, அதனால் உயிர் இருக்கிறது” என்றார் டாக்டரம்மா. நாய்க்கு நம்மைப்போல உடலெங்கும் வியர்ப்பதில்லை. இரைத்து இரைத்துத்தான் சூட்டைப் போக்க வேண்டும். கடற்காற்றின் ஈரம் நிறைந்த இந்த ஊரில் அந்த இரைப்பு பாதிப் பயன்தான் தரும். “33 டிகிரி வெயிலில் இங்கே நடப்பதும் வறண்ட ஊரில் நடப்பதும் ஒன்றல்ல” என்று அவர் விளக்கினார். திட்டியிருந்தால் எனக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

2022இல் உக்ரைன் போரிலிருந்து தப்பி வந்த கேரளத்து மாணவி ஒருத்தி, தன் ஹஸ்கிக் குட்டியைக் கைவிடாமல் கூடவே கொண்டு வந்தாள். அவளை நான் வணங்குகிறேன். ஆனால் புகைப்படத்துக்காக அதே இனத்தைக் கடையில் விலைக்கு வாங்குவோரை என்னால் மெச்ச முடியவில்லை. நம் ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் குட்டை உரோமத்தோடு இந்த வெயிலுக்கென்றே பிறந்து நிற்கின்றன!

அன்றிரவு கீழே ஊளை கேட்கவில்லை. எத்தனையோ இரவுகள் எந்த ஓசையைச் சபித்தேனோ அந்த ஓசைக்காக விடியுமட்டும் விழித்துக் கிடந்தேன். நாலரை மணிக்கு மெல்லியதாய் ஒன்று எழுந்தது.

வீட்டுக்காரர் திரும்பியதும் நடந்ததைச் சொன்னேன். நெடுநேரம் பேசாமல் நாயின் காதைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு, “நாளைக்கும் நீயே கூட்டிப்போ. ஐந்து மணிக்கு” என்றார். இப்போது ஐந்தாவதற்குப் பத்து நிமிடம் இருக்கும்போதே என் கதவைப் பிறாண்டும் சத்தம் கேட்கிறது. இந்தப் பருவத்தில் காலை வகுப்புக்கு நான் ஒருநாள்கூடப் பிந்தவில்லை.