குழலும் யாழும் முந்நூறு ஓமும்

இசை கேட்டல் நமக்குப் புதிய பழக்கம் அன்று. தூத்துக்குடியில் வளர்ந்தோர்க்கு அது கடல்வழி வந்த செல்வம். மன்னார் வளைகுடாவுக்கு அப்பாலிருந்து இலங்கை வானொலி நம் வீட்டு டிரான்சிஸ்டரில் அத்தனை தெளிவாக ஒலிக்கும். மத்திய அலை, நிலத்தைவிட உப்புநீரின்மேல் அதிகம் தேயாமல் செல்லும் என்று இயற்பியல் துறை நண்பர் பின்னாளில் விளக்கினார். பிறகு கேசட் வந்தது, குறுந்தகடு வந்தது, கணினி வந்தது. அப்போதெல்லாம் பாட்டைத் தேடினோமேயன்றிக் கருவியைப் பற்றி எண்ணியதில்லை.

நாற்பதைக் கடந்தபின் கருவிப் பித்து நம்மைப் பற்றிக்கொண்டது. சென்ஹைசர் நிறுவனம் 1997-இல் வெளியிட்டு, இன்றளவும் ஆர்வலர் போற்றும் எச்.டி. 600 என்னும் ஹெட்ஃபோனைச் சேமிப்பிலிருந்து வாங்கினோம். அலைபேசியில் இணைத்தபோது பாட்டு சோகை பிடித்தாற்போல் ஒலித்தது. நண்பர் பார்த்துவிட்டுச் சிரித்தார்: "குதிரை வாங்கிட்டீங்க சார், கொள்ளு யாரு வாங்குறது?"

அதன் மின்மறுப்பு 300 ஓம். அலைபேசியோடு இணைக்கும் சாதாரண இயர்போன்களுக்கு 16 அல்லது 32 ஓம் இருக்கும். மின்மறுப்பு மிகுந்த சுருளை நன்கு அசைக்க மின்னழுத்தமும் மிகுதியாக வேண்டும். அதைத் தருவதே ஆம்ப்ளிஃபயரின் பணி. அப்படித்தான் கைப்பிடி அளவுள்ள ஒரு கரும்பெட்டியும் நம் மேசைக்கு வந்து சேர்ந்தது.

அதன்பின் கேட்டதைச் சொல்ல வேண்டும். சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையை ஆண்டுதோறும் வகுப்பில் நடத்தி வருகிறோம். யாழ், குழல், தண்ணுமை ஆசிரியர்களின் இலக்கணத்தைத் தனித்தனியே உரைக்கும் இளங்கோவடிகள், பின்னர் அக்கருவிகள் ஒன்றன்வழி ஒன்று நின்று ஒலித்த முறையையும் வரிசைப்படுத்துகிறார். உரையாசிரியர் துணையோடு பொருள் சொல்லலாம். செவியில் அது வந்து விழுவது வேறு. ஸ்டீரியோ முறையில் பதிவான இளையராஜாவின் 'ப்ரியா' (1978) பாடல்களைக் கேட்டபோது, வயலின்கள் ஒருபுறமும் கிடார் மறுபுறமும் விலகி நிற்க, நடுவே ஜேசுதாஸின் குரல் நின்றது. தனித்து நிற்றலும் இயைந்து நிற்றலும் ஒருங்கே நிகழக்கூடும் என்பது அன்று விளங்கியது. அடுத்த வாரம் அந்தக் காதையை நடத்துகையில் நம் குரலே சற்று மாறியிருந்ததாக மாணவி ஒருத்தி சொன்னாள்.

'கொஞ்சும் சலங்கை' (1962) படத்தின் 'சிங்கார வேலனே தேவா' வேறுவகை அனுபவம். கோவில்பட்டியில் வாழ்ந்த காருகுறிச்சி அருணாசலத்தின் நாகஸ்வரமும் எஸ்.ஜானகியின் குரலும் சேர்ந்த அப்பாடல் மோனோ பதிவு. இரு காதுகளுக்கும் ஒரே ஒலி செல்வதால், ஹெட்ஃபோனில் இரண்டும் நம் தலையின் நடுவிலேயே ஒலிப்பன போலத் தோன்றும். தேரோடும் வீதியில் ஊரே கேட்பதற்கென அமைந்த வாத்தியம், ஒருவர் மண்டைக்குள் அடங்கி ஆபேரியை விரிக்கிறது. அருகில் அமர்ந்து வெற்றிலை நறுக்கும் அம்மாவுக்கு அதில் ஒரு இழையும் எட்டவில்லை. டிரான்சிஸ்டர் நாளில் ஒரு பாட்டை நான்கு வீடுகள் கேட்டன. இன்று துல்லியம் கூடியிருக்கிறது. உடன் கேட்போர் குறைந்துவிட்டனர். இது நம்மை உறுத்தாமல் இல்லை.

உறுத்தும் செய்தி மற்றொன்றும் உண்டு. சென்ற ஆண்டு இடக்காதில் ஓயாத இரைச்சல் இருந்தமையால் செவித்திறன் சோதனை செய்துகொண்டோம். வரைபடத்தில் 4,000 ஹெர்ட்ஸ் அருகே கோடு சற்றே சரிந்திருந்தது. பேரொலியால் தேயும் செவியில் முதலில் பெரும்பாலும் அப்பகுதியே இறங்கும் என்றார் மருத்துவர். 20,000 ஹெர்ட்ஸுக்கு மேலும் ஒலிக்கவல்ல கருவியை வாங்கிவைத்திருக்கிறோம். கேட்க வேண்டிய செவியோ தேயத் தொடங்கியிருக்கிறது. எந்த ஆம்ப்ளிஃபயராலும் இழந்த செவிநரம்பை மீட்டுத்தர இயலாது. 80 டெசிபல் அளவில் வாரத்திற்கு 40 மணி நேரம் என்பது உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை. ஒலி கூடக் கூட நேரம் விரைந்து சுருங்கும். பேருந்து இரைச்சலை வெல்ல இயர்போனை உச்சத்தில் வைக்கும் நம் மாணவர்களிடம் இதனைப் பாடத்திற்கு இடையே சொல்லி வருகிறோம். கேள்விக்கென ஓர் அதிகாரமே வகுத்த வள்ளுவர் கருதியது அறிவுரை கேட்டல்தான். எனினும் காதைக் காப்பதும் அதற்குள் அடங்கும் என்று வாதிடத் தயங்குவதில்லை.

அடுத்த கட்டமாக இன்னும் விலையுயர்ந்த ஆம்ப்ளிஃபயர் ஒன்றை வாங்கும் எண்ணம் இருந்தது. அதனைக் கைவிட்டோம். அந்தத் தொகையில் ஒரு பகுதிக்கு இரண்டு சிறிய ஸ்பீக்கர்கள் வாங்கிக் கூடத்தில் வைத்தாயிற்று. இரவில் ஒரு மணி நேரம் தாழ்ந்த ஒலியில் ஹெட்ஃபோன், மாலையில் ஸ்பீக்கர். துல்லியத்தில் அவை ஹெட்ஃபோனுக்கு ஈடாகா. ஆனால் காருகுறிச்சியார் வாசிக்கும்போது அம்மாவின் பாக்குவெட்டி சற்று நேரம் நின்றுவிடுகிறது.