கழற்றியதெல்லாம் குப்பையில்லை

பழைய அம்பாசடர் எவ்வளவு புகை விடுகிறது என்பதைவிட, எப்போது விடுகிறது என்பதைத்தான் பாய் முதலில் பார்ப்பார். இரவெல்லாம் நின்ற வண்டி, காலையில் ஸ்டார்ட் செய்ததும் குப்பென்று நீலப்புகை தள்ளிவிட்டு அடங்கினால் வால்வு கைடு, சீல் மேல்தான் சந்தேகம். மேடேறும்போது ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்கப் புகைந்தால் ரிங்கோ போரோ தேய்ந்திருக்கும். முன்னதற்கு ஹெட்டை இறக்கினால் போதும். பின்னதற்குப் பெரும்பாலும் எஞ்சினையே இறக்க வேண்டும்.

சென்னை புதுப்பேட்டைப் பக்கம் அவருடைய பட்டறையில் நான் சேர்ந்த புதிதில், கழற்றுவதற்கு முன்னால் காதுக்குத்தான் வேலை. எஞ்சின் ஓடும்போது நீண்ட ஸ்க்ரூடிரைவரின் முனையை பிளாக்கில் வைத்து, கைப்பிடியைக் காதோடு ஒட்டிக்கொள்வேன். பாய் ஒவ்வொரு பிளக் வயராகப் பிடுங்குவார்.

"என்ன கேக்குது தம்பி?"

"மூணாவதைப் புடுங்குனா தட்டுறது குறையுது பாய்."

அப்படியென்றால் மூன்றாவது கனெக்டிங் ராடின் பேரிங். அடுத்தது கம்ப்ரஷன் கேஜ். அளவு குறைந்த சிலிண்டரில் பிளக் துளை வழியாகக் கொஞ்சம் ஆயில் விட்டு மறுபடி பார்ப்போம். முள் நன்றாக ஏறினால் ரிங் பக்கம் கோளாறு. அசையாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட்.

அம்பாசடரில் 1959 முதல் நெடுங்காலம் இருந்தது 1489 சிசி பிஎம்சி எஞ்சின். எம்ஜிஏ என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காருக்கும் முதலில் வந்தது இதே குடும்பத்து எஞ்சின்தான் என்று சொன்னால் டாக்ஸி ஓட்டியவர்கள் சிரிப்பார்கள். இதன் பின்பக்க ஆயில் ஒழுக்கு பிரசித்தம். ரப்பர் சீலை மாற்றிவிடலாமே என்று வண்டிக்காரர்கள் கேட்பார்கள். அங்கே சீலே கிடையாது. கிராங்க் ஷாஃப்டின் பின்முனையில் திருகுமரை போல ஒரு பள்ளம் வெட்டியிருக்கும். சுழலும்போது அது ஆயிலை உள்ளே திருப்பித் தள்ளும். பின் மெயின் பேரிங் தேய்ந்தால் கிராங்க் ஆடும், இடைவெளி கூடும், ஆயில் வெளியே வழியும். ஆக, தரையில் பெருகும் ஆயில் கறை பேரிங் தேய்மானத்துக்கும் ஓர் அடையாளம். பழைய பேரிங் ஷெல்லைக் கழற்றியதும் முதுகைத் திருப்பிப் பார்க்க பாய் பழக்கினார். அதில் அடித்திருக்கும் அளவைப் படித்தால், கிராங்கை ஏற்கெனவே கிரைண்டிங் செய்திருக்கிறார்களா, எத்தனை தவ் என்று தெரியும். தவ் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இந்த எஞ்சினின் கணக்கெல்லாம் அதில்தான்.

போரைப் பார்ப்பதற்கு முதல் கருவி நகம். சிலிண்டரின் மேல்விளிம்புக்குச் சற்றுக் கீழே, மேல் ரிங் திரும்பும் இடத்தில்தான் தேய்மானம் அதிகம். சூடு அங்கே உச்சம், ஆயில் சொற்பம். ரிங் தொடாத விளிம்பு தேயாமல் படிபோல நிற்கும். நகம் அதில் தட்டும். செலவைக் குறைக்கப் படியைச் சீவாமல் புது ரிங் மட்டும் போட்டால், கூரான மேல் ரிங் படியில் மோதி உடைய வாய்ப்புண்டு. நகத்துக்குப் பிறகு டயல் கேஜ்: மேலே, நடுவே, கீழே, இரண்டு திசைகளிலும். வட்டம் எவ்வளவு நீள்வட்டமாகியிருக்கிறது என்று அது சொல்லும். ரீபோர் என்று முடிவானால் ஜிபி ரோட்டில் ஓவர்சைஸ் பிஸ்டன் வாங்கிய பிறகே பிளாக் லேத்துப் பட்டறைக்குப் போகும். பெட்டியில் அச்சிட்ட அளவை நம்பாமல் பிஸ்டனை மைக்ரோமீட்டரில் அளந்து, அதற்கேற்பப் போரை வெட்ட வேண்டும்.

கழற்றியதையெல்லாம் புதிதாக மாற்றுவதைப் பெருமையாகச் சொல்லும் பட்டறைகள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. எட்டு டேப்பெட்டையும் எண் போட்ட பலகையில் வரிசையாக நிறுத்துவோம். அடிப்பாகம் புள்ளிக்குழி விழாமல் பளபளவென்று இருந்தால், அதே கேம் மேட்டின் மேல் அதே டேப்பெட் திரும்பப் போகும். இரண்டும் ஒன்றோடொன்று உரசிப் பழகியவை. இடம் மாறினால் இரண்டுமே தேயும்.

டேப்பெட் இடைவெளி வைக்க ஒன்பதாம் கணக்கு. எட்டாவது வால்வு முழுதாகத் திறந்திருக்கும்போது ஒன்றாவதைச் சரிசெய்யலாம். ஏழுக்கு இரண்டு, ஆறுக்கு மூன்று. கூட்டினால் ஒன்பது வரவேண்டும். டேப்பெட் சத்தம் போட்டால் எல்லோரும் பதறுகிறார்கள். எனக்கு, சத்தம் தானாகக் குறைவதுதான் பயம். இந்தப் பழைய ஹெட்களில் வால்வு உட்காரும் இடம் வார்ப்பிரும்பிலேயே வெட்டியது. அதற்கு ஒரு காப்பாக இருந்த ஈயம் கலந்த பெட்ரோல் 2000-இல் நாடெங்கும் நின்றுபோனது. அதன்பின் எக்ஸாஸ்ட் வால்வு இருக்கை மெல்ல மெல்லக் குழிந்து, வால்வு மேலேறி, இடைவெளி அடைபடுகிறது. ஒருநாள் வால்வு மூடாமல் கருகும்.

ஹெட்டை இறக்கிய கையோடு கடினமான சீட் வளையம் அடித்துவிட வேண்டும் என்பது என் கட்சி. ஊருக்குள் மெதுவாக ஓடும் வண்டிக்கு அது தண்டச் செலவு, குழி விழுந்தபிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது பாயின் கட்சி. இப்போதைக்கு வண்டிக்காரரிடம் இரண்டையும் சொல்லிவிடுகிறோம்.