காளிகாட்டுத் துணித் தொட்டி

கொல்கத்தாவின் காளி கோயிலை ஒட்டிய தெரு. செம்பருத்தி மாலைக் கடைகளைத் தாண்டினால் நிர்மல் ஹிருதய். காளியைக் கும்பிட வருகிறவர்கள் தங்கிய சத்திரம் அது. தெருவோரம் சாகக் கிடந்தவர்களைக் கொண்டுவந்து கிடத்த 1952இல் மாநகராட்சி அதை அன்னை தெரசாவுக்குக் கொடுத்தது.

எட்டு மணி. ஸ்பெயினிலிருந்து கோடை விடுமுறையில் வந்த கல்லூரி மாணவர்கள் பேருந்திலிருந்து இறங்குகிறார்கள். விடிகாலையில், தெரசா தொடங்கிய சபையின் தலைமை இல்லமான மதர் ஹவுஸில் பூசை. அப்புறம் ரொட்டி, வாழைப்பழம், தேநீர். ஒரு சிஸ்டர் ஆளுக்கொரு ஏப்ரன் கொடுத்து, துணித் தொட்டிப் பக்கம் கைகாட்டுகிறார்.

நோயாளியின் கையைப் பிடித்துக்கொண்டு உட்காரத்தான் கடல் கடந்து வந்திருப்பார்கள். காத்திருப்பவை மலமும் சீழும் படிந்த போர்வைகள். நெட்டையான பையன் ஒருவன் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். மூச்சை அடக்குகிறான். சட்டென முழங்கைவரை தொட்டிக்குள் விடுகிறான். அவனைப் பார்த்து மற்றவர்களும். ஒரு தொட்டியில் சோப்புத் தண்ணீர், அடுத்ததில் அலசல். இருவர் ஆளுக்கொரு முனையைப் பிடித்து முறுக்க, தண்ணீர் கொட்டுகிறது. வாளிகள் மொட்டைமாடிக்கு ஏறுகின்றன. கொஞ்ச நேரத்தில் பாட்டுகூடக் கிளம்புகிறது.

உள்ளே, பெண்கள் பகுதி. தாழ்ந்த கட்டிலருகே குந்தியிருக்கும் மாணவி சோற்றைக் குழைத்து ஊட்டுகிறாள். கிழவி வாயைத் திறக்கவில்லை. ஏதோ முனகுகிறாள். மாணவி மறுபடி கரண்டியை நீட்டுகிறாள், மறுபடி முனகல். பெண்ணின் கண் கலங்குகிறது. எல்லாரும் மாஷி என்று கூப்பிடும் பணிப்பெண் ஒருத்தி வந்து காதைக் கொடுக்கிறாள். கிழவியின் முதுகுக்குப் பின்னால் இன்னொரு தலையணையைச் செருகுகிறாள். அவ்வளவுதான். கிழவி சாப்பிடுகிறாள்.

சில வாரம் இருந்துவிட்டுப் போகிறவர்களால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்கள் உண்டு. மாடியில் காயும் போர்வை இன்றிரவு ஒருவரைப் போர்த்தும். அதைச் சின்ன வேலை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் தொண்டர்களுக்கு வியாழக்கிழமை விடுமுறை. அன்றைக்கும் போர்வை நனையும், அன்றைக்கும் பசிக்கும். சிஸ்டர்களும் மாஷிகளும்தான் பார்க்கிறார்கள். இந்த வீடு அவர்கள் தோளில் நிற்கிறது.

மாணவர்களை அனுப்பும் பங்குக் கோயில்களுக்கும் கல்லூரிகளுக்கும் ஒரு வேண்டுகோள். பயணச்சீட்டு எடுக்கும்போதே கொஞ்சம் வங்காளமும் சொல்லிக்கொடுங்கள். தண்ணீர், வலி, தலையணை, போதும் என்ற அளவுக்காவது.