பொம்மைகள் நடத்தும் பாடம்!

மணிலாவுக்குச் சுற்றுலா போகிறவர்கள் பழைய கோட்டை, கடற்கரை, ஷாப்பிங் மால் என்று முடித்துக்கொள்வார்கள். குழந்தைகளோடு போகிறீர்கள் என்றால், ஒட்டியே இருக்கும் கேசோன் நகரத்துக்கு அரைநாள் ஒதுக்குங்கள். அங்கே டீச்சர்ஸ் வில்லேஜ் என்றொரு பகுதி. தெருக்களுக்கு நல்ல குணங்களின் பெயரையே வைத்திருக்கிறார்கள். 'வசதியானது' என்று அர்த்தம் வரும் மகின்ஹாவா தெரு முழுக்கச் சாப்பாட்டுக் கடைகள். பெயர்ப் பொருத்தம்தான்! 'தரும சிந்தனை' என்று பொருள்படும் மபக்கவாங்கவா தெருவில் இருக்கிறது, 2006-ல் திறக்கப்பட்ட பொம்மலாட்ட அருங்காட்சியகம்.

இதற்குப் பின்னால் இருப்பவர் ஒரு பேராசிரியை, அமேலியா லபேனியா போனிஃபாசியோ. ஜப்பானின் புன்ராகு, இந்தோனேசியாவின் வயாங் என்று ஆசியப் பொம்மலாட்டங்களைப் படித்தவர். 1977-ல் 'முலாட்' நாடகக் குழுவைத் தொடங்கினார். 'விழித்த கண்' என்பதுபோல அர்த்தம். 2018-ல் தேசியக் கலைஞர் விருது பெற்றார். 2020 டிசம்பரில் மறைந்தார்.

பிலிப்பைன்ஸின் பழைய நாடகங்களைக் குழந்தைகளுக்குக் காட்டுவது லேசான காரியமில்லை. ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரத்தில் ஊர் ஊராக நடக்கும் 'செனாகுலோ'வை எடுத்துக்கொள்ளுங்கள். இயேசுவின் பாடுகள், பல இரவுகள் நீளும். சாட்டையடியும் சிலுவையும் சின்னப் பிள்ளைகளை மிரட்டிவிடும். போனிஃபாசியோ அதே கதையை 1985-ல் 'பப்பெட் பாஸ்யோன்' என்று பொம்மலாட்டமாக்கினார். பொம்மைக்கு வலிக்காது என்று குழந்தைக்குத் தெரியும். அந்தத் தைரியத்தில் கண்ணை மூடாமல் கதையைப் பார்க்கும் என்பது என் எண்ணம்.

'கொமெத்யா' இன்னும் சிக்கல். பளபள உடை, பேண்டு வாத்தியம், அணிவகுப்பு நடை, தாளத்துக்கு வாள்வீச்சு... எந்தப் பிள்ளையும் வாயைப் பிளக்கும். ஆனால் ஸ்பானியர் காலத்தில் வளர்ந்த இந்த நாடகத்தில் கிறிஸ்தவ அரசனும் முஸ்லிம் அரசனும் மோதுவார்கள். ஜெயிப்பது எப்போதும் கிறிஸ்தவர்தான். 'மோரோ மோரோ' என்பது இதன் இன்னொரு பெயர். வகுப்பில் ஒரு முஸ்லிம் குழந்தை உட்கார்ந்திருந்தால் இதை எப்படிச் சொல்லிக்கொடுப்பது? அதற்காகக் கலையையே ஒதுக்கவும் மனசு வராது. 2008-ல் பிலிப்பைன்ஸ் பல்கலைக்கழகத்தில் கொமெத்யா விழா எடுத்தார்கள். அங்குள்ள நாடகக் குழு அதே ஆண்டில் மேடையேற்றியது, கவிஞர் பாலக்தாஸின் 'ஒரோஸ்மான் அட் ஸஃபீரா'. 19-ம் நூற்றாண்டு நாடகம். இதில் மோதிக்கொள்வது முஸ்லிம் அரசுகளே. காதலும் பதவி ஆசையும்தான் கதை. மதம் மாறி முடியும் கிளைமாக்ஸ் கிடையாது. சொல்லிக்கொடுக்க இப்படியும் ஒரு வழி இருக்கிறது.

முலாட் குழு நமக்குத் தெரிந்த கதையையும் விடவில்லை. 'சீதா அட் ராமா' என்று ராமாயணத்தையே பொம்மலாட்டமாக்கியிருக்கிறார்கள். இறக்குமதிச் சரக்கு என்று நினைக்காதீர்கள். பிலிப்பைன்ஸின் தெற்கே மின்டனாவோ தீவில் வாழும் மரனாவோ முஸ்லிம்களிடம் 'மகாராதியா லாவண' என்ற கதை இருக்கிறது. லாவணன் வேறு யாருமில்லை, நம் ராவணன்தான்!

பொம்மலாட்டம் தினமும் இருக்காது. விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள். கொமெத்யா பார்க்கும் ஆசை இருந்தால் மே மாதத் திருவிழாச் சமயத்தில் மணிலாவின் தெற்கே பரானியாக்கே, சான் தியோனிசியோ பகுதிக்குப் போகலாம். மேடைக்குப் பக்கத்திலேயே இடம் பிடியுங்கள். சண்டைக்காட்சி அங்கிருந்துதான் நன்றாகத் தெரியும்.