வராமல் நின்ற பிள்ளைகள்

சமூகப்பணி படிப்பவர்கள் பட்டம் பெறுமுன் ஒரு நிறுவனத்தில் சில மாதங்கள் பயிற்சிக்காக வேலை செய்ய வேண்டும். 2017ஆம் ஆண்டில் எனக்குக் கிடைத்தது, கனடாவில் ரொறன்ரோ நகரின் ஸ்காபரோப் பகுதியில் புதிதாக வந்த இளைஞர்களுக்கு உதவும் நிலையம் ஒன்று. வீட்டுப்பாட உதவி, ஆங்கிலப் பேச்சுப் பயிற்சி என்று அங்கு நடப்பவற்றால் பிள்ளைகளுக்கு உண்மையில் பயன் உண்டா என்று பார்த்து அறிக்கை எழுதுவதே என் பொறுப்பு.

சிரியா, ஆப்கானிஸ்தான், எங்கள் வன்னி என்று பல இடத்துப் பிள்ளைகள் வந்தார்கள். அங்கே உயர்நிலைப் பாடசாலைச் சான்றிதழ் பெற 30 பாட அலகுகளில் சித்தியும் 40 மணிநேரத் தொண்டு வேலையும் வேண்டும். யுத்தத்தால் சில வருடம் பள்ளிக்கூடமே காணாமல் 17 வயதில் வந்து இறங்கிய பிள்ளைக்கு அது மலைதான்.

வினாக்கொத்துக் கொடுத்தேன். அநேகமாக எல்லோரும் "மிகவும் திருப்தி" என்பதற்கே புள்ளடி இட்டிருந்தார்கள். நிலையத்தாருக்கு மகிழ்ச்சி. எனக்கோ நம்பிக்கை வரவில்லை. 2009இல் செட்டிக்குளம் முகாமில் படிவத்தோடு வந்தவர்களிடம் நாங்களும் "எல்லாம் நல்லம்" என்றுதானே சொன்னோம்? குறை சொன்னால் வருகிற உதவியும் நின்றுவிடும் என்ற பயம். உங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

எனவே வரவுப் பதிவேட்டை எடுத்து, இரண்டு மூன்று நாள் வந்து நின்றுவிட்டவர்களைத் தேடினேன்.

"நாலு மணிக்குத் தம்பியைக் கூட்டிவர வேணும் அக்கா. அம்மா வேலையால வர ஏழு மணியாகும். நான் எப்பிடி வாறது?" என்றாள் வன்னிப் பிள்ளை ஒருத்தி. வகுப்பு நாலு மணிக்குத்தான். இன்னொருவன் இரவில் அலுவலகக் கட்டடங்கள் துப்புரவாக்கப் போகிறவன். பின்னேரம்தான் அவனுக்கு நித்திரை.

மூன்றாமவன் அகதி விண்ணப்பம் போட்டுக் காத்திருந்தவன். சிநேகிதனோடு இரண்டு நாள் வந்தான். பிறகு பதிவுக்குக் கடதாசி கேட்டார்கள். மத்திய அரசின் குடியேற்ற உதவிப் பணம் நிரந்தர வதிவிடம் பெற்றவர்களுக்கும் அகதியாக ஏற்கப்பட்டவர்களுக்குமே உரியது. விண்ணப்பித்துக் காத்திருப்பவர்களுக்கு இல்லை. 18 வயதுக்குட்பட்ட பிள்ளையை வதிவிட நிலையைக் காரணம் காட்டிப் பாடசாலை மறுக்க முடியாது என்று ஒன்ராறியோவில் சட்டம் உண்டு. ஆனால் பாடசாலை விட்டபின் உதவி தரும் இடத்தில் கதவு சாத்தியிருந்தது. எந்தக் கணக்கிலும் அவன் பெயர் இல்லை.

இவற்றை அறிக்கையின் முதற் பக்கத்தில் எழுதினேன். "பணம் தாறவை இதைப் பார்த்தால் என்ன நினைப்பினம்?" என்றார் என் மேற்பார்வையாளர். அவருடைய பயமும் நியாயமானதே. ஆறு பேரின் சம்பளம் அதில் தங்கியிருந்தது. இரண்டு நாள் வாதாடி, முதற் பக்கத்திலிருந்து எடுத்துத் தனி அத்தியாயமாகப் போட இணங்கினோம்.

அடுத்த தவணையில் இரண்டு நாள் வகுப்பு ஆறு மணிக்கு மாறியது. தம்பி தங்கைகளையும் கூட்டி வரலாம் என்றார்கள். காத்திருக்கும் பிள்ளைகளுக்குத் தொண்டர் இருவர் சனிக்கிழமைகளில் பொது நூலகத்தில் வைத்துப் படிப்பித்தார்கள். அங்கே மேசையில் இருந்து படிக்க யாரும் கடதாசி கேட்பதில்லை. இரவு வேலைக்குப் போகிறவனுக்கு மட்டும் நான் வெளிக்கிடும்வரை ஒரு வழியும் கிடைக்கவில்லை. வீட்டு வாடகையில் பாதி அவன் உழைப்பு.